சிக்னல் இல்லாத ஏற்காட்டு வீட்டிலிருந்து ஆம்புலன்ஸைக் கூப்பிடுவது எப்படி

ஏற்காடு ஊருக்குள் செல்போன் சிக்னல் பரவாயில்லை. காப்பித் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சரிவு மறைத்தாலே போதும், போனில் கோடே இருக்காது. ஆனால் அதே வீட்டில் ஃபைபர் இணையம் ஓடிக்கொண்டிருக்கும். ராத்திரி ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் அந்த இணையம் உதவும், முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைத்திருந்தால் மட்டும்.

வாட்ஸ்அப்பிலிருந்து ஆம்புலன்ஸ் எண்ணான 108-ஐயோ எல்லா அவசர உதவிக்குமான 112-ஐயோ அழைக்க முடியாது. இது தெரியாமல் அவசரத்தில் நேரத்தை இழக்கக் கூடாது.

முதலில் 112 அடித்துப் பாருங்கள். அது போனிலேயே அவசர எண்ணாகப் பதிந்திருப்பதால், உங்கள் சிம் நிறுவனத்தின் சிக்னல் இல்லாவிட்டாலும் பக்கத்தில் எட்டும் வேறு நிறுவன டவர் வழியாகப் போகப் பார்க்கும். 108-ஐ எல்லா போனும் அப்படி நடத்தும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

அடுத்தது வைஃபை காலிங், அதாவது டவருக்குப் பதில் வீட்டு வைஃபை வழியாகவே சாதாரண போன் அழைப்பைச் செய்வது. ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் இதைத் தொடங்கின. அதே நம்பர்தான், தனிச் செயலி வேண்டாம். போன் செட்டிங்ஸில் சிம் பகுதிக்குள் போய் வோல்ட்டியையும் (VoLTE, 4ஜி வழிக் குரல் அழைப்பு) வைஃபை காலிங்கையும் ஆன் செய்யுங்கள். ஏரோப்ளேன் மோடு போட்டு, வைஃபையை மட்டும் திரும்ப ஆன் செய்து, பக்கத்து வீட்டு நம்பருக்கு அடித்துச் சோதியுங்கள். 108-க்கோ 112-க்கோ சோதனைக்காக அடிக்காதீர்கள், அந்த நேரத்தில் இன்னொருவர் உயிருக்காகக் காத்திருக்கலாம். பல வீடுகளில் இது தோற்பதற்குக் காரணம் அரைகுறை சிக்னல்: போன் அந்த ஒற்றைக் கோட்டை விடாமல் பிடித்துக்கொண்டு வைஃபைக்கு மாறாது. செட்டிங்ஸில் வைஃபைக்கு முன்னுரிமை கொடுங்கள். அந்த வசதி இல்லாத போனில் மேலே சொன்ன ஏரோப்ளேன் மோடு வழிதான்.

வைஃபை அழைப்புக்கு டவர் கிடையாது என்பதால் நீங்கள் இருக்கும் இடம் அழைப்பை எடுக்கும் அவசர உதவி மையத்துக்குத் தெரியாமல் போகலாம். பெங்களூரிலிருந்து வந்து தங்குபவரின் கர்நாடக சிம் அழைப்பு அந்த மாநில மையத்துக்கே போகவும் வாய்ப்புண்டு. அதனால் ஏற்காடு அரசு மருத்துவமனை, காவல் நிலையம், தீயணைப்பு நிலையம் இவற்றின் முழு லேண்ட்லைன் எண்களை 04281 என்ற எஸ்டிடி கோடு சேர்த்துச் சேமித்து வையுங்கள். எந்த ஊர் சிம்மிலிருந்தும் அவை சரியான இடத்துக்கே போகும்.

'112 இந்தியா', தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' ஆகிய செயலிகளையும் இறக்கி வையுங்கள். பதிவு செய்ய எஸ்எம்எஸ்ஸில் ஓடிபி வரவேண்டும், சிக்னல் இல்லாத வீட்டில் அது வராமலே போகலாம். ஆகவே சேலத்துக்கு இறங்கும்போது பதிவை முடித்துவிடுங்கள். இருப்பிட அனுமதியில் 'துல்லியமான இடம்' என்பதையே தேர்ந்தெடுங்கள்.

இவை எதுவுமே கைகொடுக்காதபோதும் வேலை செய்வது இடையில் நிற்கும் ஒரு மனிதர்தான். சேலத்தில் இருக்கும் உறவினர், நண்பர் என்று மூன்று பேரைப் பேசி வையுங்கள். வாட்ஸ்அப்பில் மெசேஜ் மட்டும் போடாமல் கால் செய்யுங்கள், ராத்திரியில் மெசேஜை யார் பார்ப்பார்கள்? அவர் தன் போனில் 108-க்குப் பேசுவார். அவர் துபாயிலோ மும்பையிலோ இருந்தால் பயனில்லை, அங்கிருந்து அடிக்கும் 108 தமிழ்நாட்டு மையத்துக்கு வராது. ஆம்புலன்ஸ் டிரைவர் வழி கேட்கத் திரும்ப அழைப்பது, 108-க்குப் பேசிய நம்பருக்குத்தான். எனவே அவர் வேறு யாருக்கும் அடிக்காமல் அந்த லைனைக் காலியாக வைத்திருக்க வேண்டும். உங்களோடு வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டிருக்க இன்னொரு போன் இருந்தால் நல்லது.

அவருக்கு அனுப்ப இப்படி ஒரு செய்தியை இன்றே எழுதி வையுங்கள்:

"சேலம் மாவட்டம், ஏற்காடு. நாகலூர் ரோடு, இன்ன எஸ்டேட், பச்சை கேட். ஜிபிஎஸ்: 11.____, 78.____. நோயாளி வயது __, பிரச்சினை __. மூச்சு இருக்கிறது / இல்லை."

108-ன் கட்டுப்பாட்டு மையம் சென்னையில் இருக்கிறது. எடுப்பவருக்கு உங்கள் எஸ்டேட் பெயர் தெரிந்திருக்காது, மாவட்டமும் ஏற்காடும்தான் முதலில் வரவேண்டும். ஜிபிஎஸ் எண்ணுக்கு கூகுள் மேப்பில் வீட்டின் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் போதும், பதினொரு மீட்டருக்குள் இடம் பிடிபடும். மலைப்பாதையில் விபத்து என்றால் எத்தனையாவது கொண்டை ஊசி வளைவு என்பதே சிறந்த முகவரி. சேலம் - ஏற்காடு பாதையில் 20 வளைவுகள். ஏற்காட்டுக்கு ஏறும் இன்னொரு பாதையான குப்பனூர் வழி என்றால் அதையும் தெளிவாகச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வண்டி வேறு பாதையில் ஏறிவிடும்.

மின்சாரம் போனால் ரூட்டரும் போகும், அதனால் அதை பேட்டரியில் ஓடவைக்கும் மினி யூபிஎஸ் ஒன்று வேண்டும். பெரும்பாலான ரூட்டர்கள் 12 வோல்ட். அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட்டோடு மினி யூபிஎஸ்ஸின் வோல்ட் அப்படியே பொருந்த வேண்டும், ஆம்பியர் சமமாகவோ கூடவோ இருக்கலாம். ஃபைபர் கேபிள் வந்து சேரும் பெட்டியும் ரூட்டரும் தனித்தனி என்றால் இரண்டுக்கும் சேர்த்துக் கணக்கிடுங்கள். ஃபைபர் பெட்டியை விட்டுவிட்டு ரூட்டருக்கு மட்டும் யூபிஎஸ் கொடுத்தால் வைஃபை குறி இருக்கும், இணையம் இருக்காது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் விழுந்தால் மின்கம்பியும் ஃபைபர் கேபிளும் ஒன்றாகவே அறுந்துபோகலாம். அந்த நாளுக்காக, வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் சிக்னல் கிடைக்கும் ஒரு மேட்டையோ பாறையையோ பகலிலேயே தேடிக் கண்டுபிடித்து, வீட்டில் உள்ள எல்லோருக்கும் தோட்ட வேலைக்கு வருபவர்களுக்கும் காட்டி வையுங்கள்.