அழுகை நின்றதும் கவனிப்பும் நின்றுவிடக் கூடாது

தாயின் வயிற்றில் இருக்கும்போதே ஓபியாய்டுக்கு (ஹெராயின், மார்ஃபின் போன்ற போதை தரும் வலிநீக்கி வகைக்கு) பழகிய குழந்தைக்கு, தொப்புள்கொடியை வெட்டியதும் அந்த வரத்து நின்றுபோகிறது. ஓரிரு நாளில் கை கால் நடுங்கும். அழுகை கீச்சென்று உயரும். ஓயாமல் தும்மும். பசியோடு மார்பைத் தேடும், இரண்டு வாய் உறிஞ்சுவதற்குள் வீறிடும். அமெரிக்காவில் இத்தகைய குழந்தைகளைப் பார்க்காத மகப்பேறு வார்டு குறைவு. அங்கே நடந்த தவறுகளில் சில திருந்திவிட்டன, சில இன்னும் தொடர்கின்றன.

'போதைக்கு அடிமையான குழந்தை' என்று எழுதுவதே தவறு. கெடுதல் என்று தெரிந்தும் தேடிப் போவதுதான் அடிமைத்தனம். பச்சைப்பிள்ளை எதைத் தேடிப் போகும்? அதன் உடம்பு பழகிவிட்டது, அவ்வளவுதான்.

தாயையும் பிள்ளையையும் பிரித்து வைத்தது இதைவிடப் பெரிய தவறு. தீவிர சிகிச்சைப் பிரிவின் வெளிச்சத்தில் படுக்கவைத்து, சில மணி நேரத்துக்கு ஒருமுறை, நடுக்கம், அழுகை போன்ற அறிகுறிகளை எண்ணும் ஃபின்னகன் அட்டவணைப்படி மதிப்பெண் போட்டு, எண்ணிக்கை ஏறினால் மார்ஃபின் கொடுப்பார்கள். இருட்டறையும் தாயின் நெஞ்சுச்சூடுமே இதற்கு முதல் மருந்து. பால் குடிக்கிறதா, தூங்குகிறதா, தேற்றினால் அடங்குகிறதா என்று மூன்றை மட்டும் பார்க்கும் முறையை 26 மருத்துவமனைகளில் சோதித்து, 2023-இல் முடிவை வெளியிட்டார்கள். வீட்டுக்கு அனுப்பும் அளவுக்குத் தேற சராசரியாக 14.9 நாள் ஆனது, 8.2 நாளாகக் குறைந்தது. மருந்து தேவைப்பட்ட குழந்தைகள் 52 சதவீதத்திலிருந்து 20-க்கும் கீழே வந்தார்கள்.

ஓபியாய்டு பழக்கத்திலிருந்து மீள மருத்துவர் தரும் மெத்தடோன் என்ற மருந்தை எடுக்கும் தாய் பால் கொடுக்கக் கூடாது என்று தடுப்பதும் தவறுதான். சிகிச்சையில் நிலையாக இருந்து, வேறு போதைப்பொருள் தொடாதவர் தாராளமாகக் கொடுக்கலாம். பாலில் கலப்பது சொற்பம். கர்ப்பத்தில் அந்த மருந்தைச் சட்டென்று நிறுத்தச் சொல்வது அதைவிட ஆபத்து.

எனக்கு அதிகம் வலிப்பது வீட்டுக்கு அனுப்பிய பிறகு நடப்பதுதான். ஊசியால் போதை ஏற்றியவர்களிடம் ஹெபடைடிஸ் சி என்ற கல்லீரல் வைரஸ் தொற்று அதிகம்; அது தாயிடமிருந்து பிள்ளைக்கும் தொற்றலாம். தாய்க்கு அது இருப்பது மகப்பேறு மருத்துவரின் கோப்பில் இருக்கும், குழந்தை மருத்துவருக்குப் போய்ச் சேராது. முன்பெல்லாம் 18 மாதம் ஆனபின் பரிசோதிக்கலாம் என்று விட்டார்கள். அதற்குள் குடும்பம் வீடு மாறிவிடும், பிள்ளை பாட்டியிடமோ வளர்ப்புப் பெற்றோரிடமோ போய்விடும், சோதனை நடக்காமலே போகும். அதனால்தான் 2023-இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், 2 முதல் 6 மாதத்துக்குள்ளேயே வைரஸ் சோதனை செய்யச் சொன்னது. மாறுகண், பேச்சுத் தாமதம் போன்றவையும் இப்படித்தான் கை மாறும் இடங்களில் நழுவுகின்றன. பிள்ளை யாரிடம் போனாலும் கூடவே போகும்படி, தாயின் பரிசோதனை முடிவுகளையும் அடுத்துப் பார்க்க வேண்டிய தேதிகளையும் ஒரே தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

தாயையும் அந்தத் தாளில் சேர்க்க வேண்டும். மாசசூசெட்ஸில் ஆராய்ந்தபோது, இந்தத் தாய்மார்கள் அளவுமீறி போதை ஏற்றி உயிராபத்துக்கு உள்ளாவது பிரசவம் முடிந்த 7 முதல் 12 மாதத்தில்தான் உச்சத்தில் இருந்தது. பிள்ளைக்குத் தடுப்பூசி போட வருகிற அந்த மாதங்களில், எடையைக் குறித்துக்கொண்டு, அவருடைய மருந்து தடையில்லாமல் கிடைக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்காமல் அனுப்பிவிடுகிறார்கள்.