நாள்பட்ட கைகால் வலி: உணர்விலும் அசைவிலும் நேரும் குறைகளைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்

மழை பெய்து வழுக்கும் வரப்பில் விழுந்து கையை ஊன்றியவர்களும், இருசக்கர வண்டியிலிருந்து சரிந்து கணுக்காலை முறித்துக்கொண்டவர்களும் காவிரிப் படுகையில் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். இவர்களில் பெரும்பாலோருக்கு எலும்பு கூடியதும் வலியும் அடங்கிவிடும். ஒரு சிலருக்கு மட்டும் வலி மூன்று மாதங்களைத் தாண்டியும் நீடிக்கிறது. அதை நாள்பட்ட வலி என்று மருத்துவம் வகைப்படுத்துகிறது. அப்படிப்பட்டவர்களிடம் வலி எவ்வளவு என்று எல்லோரும் கேட்கிறார்கள். தொட்டால் சரியாகத் தெரிகிறதா, நினைத்தபடி கை அசைகிறதா என்று கேட்பவர்கள் குறைவு. பல தவறுகள் அங்கேதான் தொடங்குகின்றன.

எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்பதால் உடம்பிலும் ஒன்றுமில்லை என்று முடிவுகட்டுவது முதல் தவறு. சி.ஆர்.பி.எஸ். (Complex Regional Pain Syndrome) எனப்படும், அடிபட்ட கைகாலில் வரும் கடும் வலிநோயில் எலும்பு நன்றாகக் கூடியிருந்தாலும் அந்தக் கை வீங்கும், நிறம் மாறும், மற்றக் கையைவிடச் சூடாகவோ குளிர்ந்தோ இருக்கும், வியர்வை கூடும் அல்லது குறையும், புடவைத் தலைப்பு உரசினால்கூடச் சுரீரென்று எரியும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் நரம்பில் குண்டடி பட்ட வீரர்களிடம் இதுபோன்ற எரிச்சல் வலியை சைலஸ் வியர் மிட்செல் என்ற மருத்துவர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே விவரித்திருக்கிறார். இன்று மருத்துவர்கள் பின்பற்றும் அளவுகோல் 2003-இல் புடாபெஸ்ட் நகரில் கூடிய வல்லுநர்கள் வகுத்தது. அது ஸ்கேனை நம்பியதன்று, நோயாளி சொல்வதையும் மருத்துவர் கண்ணால் காண்பதையும் நம்பியது. தொடு உணர்வு, தோலின் நிறமும் சூடும், வீக்கமும் வியர்வையும், அசைவு ஆகிய நான்கையும் அது தனித்தனியே கேட்கச் சொல்கிறது. ஆகவே வலியை மட்டும் சொல்லிவிட்டு மற்றவற்றை மறைத்தால் பாதி நோயை மறைத்ததாகும்.

மறைப்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. "இது என் கை மாதிரியே இல்லை", "கண்ணை மூடினால் கை எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை", "விரல்கள் பருத்துப்போனாற்போல இருக்கின்றன" என்றெல்லாம் சொன்னால் புத்தி பேதலித்துவிட்டதாக நினைப்பார்களோ என்ற அச்சம் அவர்களுக்கு. இவை பித்துப் பேச்சல்ல. நீடித்த வலியில் தோலும் தசையும் மட்டுமன்றி, அந்த உறுப்பை மூளை உணர்ந்து இயக்கும் விதமும் மாறக்கூடும். எந்த விரலைத் தொட்டார்கள் என்பது குழம்பும். படத்தில் இருப்பது இடக்கையா வலக்கையா என்று சொல்ல வழக்கத்தைவிட நேரமெடுக்கும். உற்றுப் பார்த்துக்கொண்டு மனத்தைச் செலுத்தினால்தான் கை நகரும்.

இதை வீட்டார் சோம்பல் என்றோ நடிப்பு என்றோ எடுத்துக்கொள்வதுதான் எல்லாவற்றிலும் கொடிய தவறு என்பேன். நடவு வேலையை எண்ணிப் பாருங்கள். இடக்கையில் நாற்று முடியைப் பிடித்துக்கொண்டு, வலக்கை விரல்களால் இரண்டு மூன்று நாற்றுகளைப் பிரித்தெடுத்துச் சேற்றுக்குள் செருக வேண்டும். விரல்நுனி கலங்கிய நீருக்கும் சேற்றுக்கும் அடியில் போய்விடுவதால் கண் அங்கே உதவாது, தொடு உணர்வு ஒன்றே வழிகாட்டும். வீட்டில் பார்த்துப் பார்த்து அரிசி களைந்து சோறு வடிக்கிற பெண்ணுக்கு வயலில் நாற்று கைக்கு அடங்காமல் போவது இதனால்தான். "வீட்டு வேலை மட்டும் நடக்கிறதே" என்று குத்திக்காட்டுகிறவர்கள், ஒரு வேலையில் கண் துணைக்கு இருக்கிறது, மற்றொன்றில் இல்லை என்பதைக் கவனிப்பதில்லை. காலில் வலியுள்ளவர் பகலில் வரப்பில் நடந்துவிட்டு, இருட்டியதும் தடுமாறுவதும் அப்படித்தான். மருத்துவரிடம் போகும்போது, எந்த வேலை பார்த்துச் செய்தால் முடிகிறது, எது பார்க்காமல் செய்தால் தவறுகிறது என்று சொல்லுங்கள்; வலிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்பதைவிட அந்தச் செய்தி பயன் தரும்.

வலிக்கிறதே என்று கையைத் துணியில் சுற்றி, கழுத்திலிருந்து தொங்கவிட்டு, மாதக்கணக்கில் பொத்திப் பாதுகாப்பது இன்னொரு தவறு. நல்ல கையையே சில வாரங்கள் கட்டிவைத்தால் தொடு உணர்வும் சூடும் மாறும்போது, வலிக்கும் கைக்குக் கேட்கவே வேண்டாம். மூட்டு இறுகும், தசை கரையும்.

அதற்காக, நாலுபேர் பிடித்துக்கொள்ள எண்ணெய் விட்டு முறுக்கித் திருகுவதும் ஆகாது. அது வலியையும் அச்சத்தையும் சேர்த்தே வளர்க்கும். பனிக்கட்டியில் கையை அமிழ்த்துவது சி.ஆர்.பி.எஸ். உள்ளவர்களுக்குக் கெடுதல் செய்யலாம். மரத்துப்போன இடத்தில் சூடான தவிட்டு ஒத்தடம் வைத்தால் தோல் வெந்துபோவதுகூடத் தெரியாது. இயன்முறை மருத்துவரின் மேற்பார்வையில், தாங்கக்கூடிய அளவில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டுவதே வழி. பஞ்சு, பழைய வேட்டித் துணி, பிறகு சொரசொரப்பான துண்டு என்று தொடச் செய்து, எங்கே தொட்டது, எது தொட்டது என்று நோயாளியையே சொல்லவைப்பது ஒரு பயிற்சி. மனம் வேறெங்கோ இருக்கச் சும்மா தேய்த்துவிடுவதில் அந்தப் பயன் கிடைப்பதில்லை.

கண்ணாடிப் பயிற்சியைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியலாளர் வி. எஸ். ராமச்சந்திரன், கை இழந்தவர்களுக்கு இல்லாத கையிலேயே தோன்றும் மாய உறுப்பு வலிக்காக 1990-களில் கொண்டுவந்த முறை இது. நல்ல கையின் பிம்பத்தை வலிக்கும் கையின் இடத்தில் பார்த்தபடி அசைப்பது. யூடியூபைப் பார்த்து முதல் நாளே அரைமணி நேரம் செய்து, வலி கூடிப்போய், இதுவும் ஏமாற்று என்று கைவிடுகிறவர்கள் உண்டு. பொதுவாக, இடக்கை வலக்கைப் படங்களை அடையாளம் காண்பதில் தொடங்கி, அசைவை மனத்தில் நினைத்துப் பார்த்து, அதன்பிறகே கண்ணாடிக்கு வரச் சொல்வார்கள். சிலருக்குப் பலன் தருகிறது. எல்லோருக்கும் தரும் என்று சொல்வதற்குப் போதிய சான்று இல்லை.

எல்லா உணர்வுக் குறையையும் இந்தக் கணக்கில் எழுதிவிடக் கூடாது. இரண்டு பாதங்களும் காலுறை போட்டாற்போல ஒருசேர மரத்தால் சர்க்கரை நோயைப் பார்க்க வேண்டும். உணர்வற்ற தேமல் தொழுநோயாக இருக்கலாம். கும்பகோணம் பக்கத்தில் கால் வீங்கினாலே யானைக்கால் என்று ஊரே பேசிவிடும். அந்த வட்டாரத்தின் பழைய வரலாறு அப்படி. அது உண்மைதானா என்று சோதனை சொல்லட்டும், அக்கம்பக்கத்தார் சொல்ல வேண்டாம். மாவுக்கட்டு போட்ட கையில் வலி பொறுக்கமுடியாமல் ஏறி, விரல்கள் நீலம் பாரித்து மரத்தாலும், ஒரு பக்கக் கைகால் திடீரென்று விழுந்தாலும் பொழுது விடியக் காத்திராமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

வண்டி ஓட்டுவதைப் பற்றி யாரும் கேட்பதில்லை, நோயாளியும் சொல்வதில்லை. பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் முன் பிரேக் வலக்கையிலும் பின் பிரேக் வலக்காலிலும் இருக்கின்றன. சாலையைப் பார்க்க வேண்டிய கண்ணைத் தாழ்த்தி, பாதம் பிரேக்கின் மேல் இருக்கிறதா என்று தேட வேண்டியிருக்கிறவர், எவ்வளவு சிறிய தூரமானாலும் பின்னிருக்கையில்தான் உட்கார வேண்டும். கீழே பார்க்காமல் பாதத்தை வைத்த இடத்தை உணரவும், உடனே அழுத்தவும் முடிகிறது என்று இயன்முறை மருத்துவர் சோதித்துச் சொன்ன பிறகு சாவியை வாங்கிக்கொள்ளலாம்.