மீட்கப்பட்ட பண்ணை விலங்குகளைப் பார்க்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

பண்ணைகளிலிருந்தும் இறைச்சிக்கூடம் போகும் வழியிலிருந்தும் மீட்கப்பட்ட மாடு, ஆடு, பன்றி, கோழிகளை அவற்றின் ஆயுள் முழுக்க வைத்துப் பராமரிக்கும் காப்பகங்கள் இன்று பல நாடுகளில் உண்டு. 1986-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஃபார்ம் சாங்சுவரி இவற்றின் முன்னோடிகளில் ஒன்று. ஒரு கால்நடைச் சந்தையில், செத்த விலங்குகளைக் குவித்துப் போட்டிருந்த இடத்தில் உயிரோடு கிடந்த ஹில்டா என்ற செம்மறி ஆட்டை மீட்டதில்தான் அதன் கதை ஆரம்பிக்கிறது.

இப்படிப்பட்ட இடங்களுக்குக் கெட்ட எண்ணத்தோடு யாரும் போவதில்லை. அன்பு இருப்பவர்கள்தான் போகிறார்கள். தவறுகளும் பெரும்பாலும் அந்த அன்பினாலேயே நடக்கின்றன. காரணம் ஒன்றுதான்: விலங்கு பண்ணையை விட்டு வெளியே வந்துவிட்டது, ஆனால் அதன் உடம்பு இன்னும் பண்ணைக்காக உருவாக்கப்பட்ட உடம்புதான். இதைப் புரிந்துகொண்டால் காப்பகத்தின் பாதி விதிகளுக்கு விளக்கமே தேவைப்படாது.

முதலில் கறிக்கோழியைப் பாருங்கள். ஆறேழு வாரத்திலேயே வெட்டும் எடைக்கு வந்துவிடும்படி தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்ட இனம் அது. அந்த வயதைத் தாண்டி அது வாழும் என்று யாரும் கணக்குப் போடவில்லை. அதனால் உடம்பின் கனத்தை அதன் கால்களும் இதயமும் தாங்குவதில்லை. பசியும் அதற்கு எப்போதும் இருக்கும். வேகமாக எடை போடுவதற்காக அதன் பசியையும் சேர்த்தேதான் வளர்த்துவிட்டிருக்கிறார்கள். காப்பகத்தில் தீவனத்தை அளந்து போடுவதற்கு இதுதான் காரணம். ‘பாவம், பட்டினி போடுகிறார்கள்’ என்று நினைத்து நீங்கள் ஒரு கைப்பிடி எறிந்தால், அடுத்து வருபவரும் எறிவார். அப்புறம் அந்தக் கோழி எழுந்து நிற்கவே சிரமப்படும்.

முட்டைக்கோழியின் துன்பம் வேறு. அதன் மூதாதையான சிவப்புக் காட்டுக்கோழி ஆண்டுக்கு ஒரு டஜன் முட்டை அல்லது அதற்குக் கொஞ்சம் மேலே இடும். பண்ணை இனங்கள் 300 அல்லது அதற்கு மேலும் இடுகின்றன. ஓட்டுக்கான கால்சியத்தில் ஒரு பங்கை எலும்பிலிருந்தே எடுத்துக்கொள்வதால் எலும்புகள் பலவீனமாகி, மார்பெலும்பு முறிவது இவற்றில் சாதாரணம். ‘சும்மா ஒரு போட்டோவுக்கு’ என்று தூக்கும்போது இதை யாரும் யோசிப்பதில்லை. குழந்தைகள் கோழியை இறுக்கிக் கட்டிப்பிடிப்பது அதைவிட ஆபத்து. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருந்து மூச்சை இழுக்கும் உதரவிதானம் என்ற தசை, நம்மைப் போலப் பறவைகளுக்குக் கிடையாது. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் அவை மூச்சுவிட முடியும். அந்த அசைவை நிறுத்தும் அளவுக்கு அணைத்தால் கோழி கத்தக்கூட முடியாமல் மூச்சுத் திணறும். பராமரிப்பவர் கையில் எடுத்துக் கொடுத்தால் மட்டும், அவர் சொல்லித் தருகிறபடி வாங்குங்கள்.

தின்பண்டம் கொண்டுபோவதுதான் மிகப் பரவலான தவறு. ரொட்டியும் தானியமும் மாட்டுக்கும் ஆட்டுக்கும் ரொம்பப் பிடிக்கும், ஓடிவந்து வாங்கிக்கொள்ளும். ஆனால் அசைபோடும் விலங்கின் முதல் வயிறு, நார் நிறைந்த புல்லை மெதுவாக நொதிக்க வைப்பதற்கானது. மாவுச்சத்து திடீரென்று அதிகமாகப் போனால் அங்கே அமிலம் ஏறிவிடும், உயிரே போகலாம். ‘ஆடுதானே, எல்லாம் ஒன்றுதான்’ என்பதும் தவறு. வெள்ளாட்டுக்கு வேண்டிய செப்புச்சத்து செம்மறியின் கல்லீரலில் சேர்ந்து நஞ்சாகும். அதனால் ஒரு தொட்டித் தீவனத்தை அள்ளி இன்னொரு அடைப்பில் போடக்கூடாது.

பன்றிக்கு உங்கள் கைப்பையில் இருக்கும் மிச்சத்தைக் கொடுக்க நினைத்தால் 2001-ல் பிரிட்டனில் நடந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். சரியாக வேகவைக்காத உணவுக் கழிவைப் பன்றிகளுக்குப் போட்டதில்தான் அங்கே கோமாரி நோய் தொடங்கியது என்று விசாரணையில் முடிவுக்கு வந்தார்கள். அதைக் கட்டுப்படுத்த 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலின் வைரஸும் பதப்படுத்திய பன்றி இறைச்சியில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அந்த நோய்க்கு மருந்தும் இல்லை.

நோய் உங்கள் காலணியிலும் வரும். வாசலில் கிருமிநாசினித் தொட்டி வைத்திருந்தால் தாண்டிக் குதிக்காமல் அதில் மிதித்து, உள்ளே போங்கள். வீட்டில் கோழி வளர்ப்பவராக இருந்தால் அந்தக் கொட்டிலுக்குப் போட்ட செருப்போடு வராதீர்கள். பறவைக்காய்ச்சல் எச்சத்தில் ஒட்டிக்கொண்டு பயணிக்கும். உங்களுக்குக் காய்ச்சலோ சளியோ இருந்தால் அன்றைக்குப் போகவே வேண்டாம், ஏனென்றால் மனிதர்களின் ஃப்ளூ பன்றிகளுக்கும் தொற்றும். புதிதாக வந்த விலங்குகளைத் தனியாக அடைத்திருப்பதைப் பார்த்து ‘ஏன் இதற்குச் சிறை?’ என்று கோபப்படுபவர்கள் உண்டு. நோய் இல்லை என்று உறுதியாகும் வரை அப்படித்தான் வைக்க வேண்டும்.

திரும்பும்போது சோப்பும் தண்ணீரும் போட்டுக் கை கழுவுங்கள். சானிடைசர் மட்டும் போதாது. கன்றுகளிடமிருந்து மனிதர்களுக்கு வரும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி அதற்குச் சாகாது. சின்னக் குழந்தைகள் விரல் சூப்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகள் குட்டி போட்ட ஆட்டின் பக்கமோ புதிதாகப் பிறந்த குட்டியின் பக்கமோ போகவே கூடாது, கருவைக் கலைக்கும் கிருமிகள் அங்கே இருக்கலாம்.

மாட்டிடம் எப்படிப் போவது? அதன் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறக்குறைய 330 பாகை அதற்குத் தெரியும். நேர் பின்னால் மட்டும் தெரியாது. அங்கிருந்து வந்து தொட்டால் மிரண்டு உதைக்கும். தோள் பக்கமாக, பேசிக்கொண்டே, மெதுவாகப் போங்கள். அது விலகிப் போனால் விட்டுவிடுங்கள். முன்பு மனிதக் கை என்றாலே அடியும் ஊசியும்தான் என்று பழகிய விலங்காக இருக்கலாம். இன்னொன்று: காளைக்கன்று, கிடாய்க்குட்டியின் நெற்றியில் கைவைத்துத் தள்ளி முட்டல் விளையாட்டு விளையாடாதீர்கள். குட்டியாக இருக்கும்போது அது அழகாகத்தான் இருக்கும். வளர்ந்தபின் அதே விளையாட்டை முழு எடையோடு பராமரிப்பவரிடம் விளையாடும். அடிபடுவது அவர்தான்.

திறந்த கதவைத் திறந்தபடியும் மூடிய கதவை மூடியும் வையுங்கள். பிளாஸ்டிக் பை, கயிறு, பலூன் எதையும் கீழே விடாதீர்கள், ஆடும் மாடும் விழுங்கிவிடும். நாயைக் கூட்டிவராதீர்கள்.

எந்த இடத்துக்குப் போகிறோம் என்பதிலும் ஏமாறக்கூடாது. எப்போது போனாலும் கொஞ்சுவதற்குக் குட்டிகள் இருக்கும் என்று விளம்பரம் செய்கிற இடம் காப்பகமாக இருக்க வாய்ப்பில்லை. குட்டிகள் ஓயாமல் வேண்டுமென்றால் ஓயாமல் இனப்பெருக்கம் செய்ய வேண்டும், வளர்ந்தவற்றை எங்காவது அனுப்பவும் வேண்டும். மீட்கப்படும்போதே சினையாக இருந்த விலங்கு குட்டி போடுவது வேறு விஷயம். 2007-ல் தொடங்கப்பட்ட உலகளாவிய விலங்குக் காப்பகக் கூட்டமைப்பு, இனப்பெருக்கம் செய்வதில்லை, வணிகம் செய்வதில்லை என்பவற்றை உண்மையான காப்பகத்தின் அடையாளங்களாகச் சொல்கிறது. வழிகாட்டி இல்லாமல் பார்வையாளர்களை உள்ளே விடுவதையும் அது ஏற்பதில்லை. ஆகவே ‘ஏன் தனியாகச் சுற்றவிட மாட்டேன் என்கிறீர்கள்?’ என்று கேட்காதீர்கள். விடாத இடம்தான் நல்ல இடம்.

கடைசியாக, எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு: வைத்துக்கொள்ள முடியாத விலங்கை ராத்திரியில் காப்பகத்தின் வாசலில் கட்டிவிட்டுப் போவது. இடமும் பணமும் ஆளும் அளவாக இருக்கும் ஒரு இடத்தில், எதிர்பாராமல் வரும் ஒரு மாடு ஏற்கெனவே இருக்கும் மாடுகளின் பங்கிலிருந்துதான் சாப்பிட வேண்டியிருக்கும். அதற்கு நோய் இருந்தால் அதுவும் பரவும். முன்கூட்டியே போன் செய்து பேசுங்கள். வயது, போட்ட தடுப்பூசி, இருக்கிற நோய், சினையா, காயடித்ததா, இதையெல்லாம் மறைக்காமல் சொல்லுங்கள். அவர்களால் முடியாவிட்டாலும் வேறு காப்பகத்தையோ பொறுப்பாக வளர்ப்பவரையோ கேட்டுப் பார்ப்பார்கள். அதற்குச் சில வாரங்கள் ஆகலாம், அதுவரை அந்த விலங்கு உங்கள் பொறுப்பில்தான் இருக்கும்.