அரிஸ்டாட்டிலின் 'நடுநிலை': தவிர்க்க வேண்டிய தவறுகள்

நற்பண்பு என்பது மிகைக்கும் குறைக்கும் நடுவில் நிற்பது என்று அரிஸ்டாட்டில் (கி.மு. 384–322) சொன்னதை, 'எதிலும் அளவோடு இரு' என்ற பொது அறிவுரையாகச் சுருக்கிவிடுவது வழக்கமாகிவிட்டது. அவர் சொன்னது அதுவல்ல.

நடுவைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்துவிடலாம் என்ற எண்ணத்தை 'நிக்கோமாக்கிய அறவியல்' என்ற தம் படைப்பின் இரண்டாம் நூலில் (அதாவது இரண்டாம் பகுதியில்) அவரே மறுக்கிறார். 10 மினா (பழங்கிரேக்க எடை அளவு) எடையுள்ள உணவு அதிகம், 2 மினா குறைவு என்பதற்காக, பயிற்சியாளர் எல்லோருக்கும் 6 மினா என்று விதித்துவிட மாட்டார். மல்லன் மிலோவுக்கு அது போதாது, புதிதாகப் பயிற்சிக்கு வந்தவனுக்கோ அதுவே மிஞ்சிவிடும். அதற்காக, அவரவர் விருப்பமே அளவு என்று தாவிவிடவும் கூடாது. நடைமுறை விவேகம் உள்ளவர் எப்படித் தீர்மானிப்பாரோ அப்படி என்ற நிபந்தனை நற்பண்புக்கு அவர் தரும் வரையறைக்குள்ளேயே இருக்கிறது.

இதைவிடப் பரவலான தவறு, நடுநிலையை மிதமான உணர்ச்சி என்று கொள்வதுதான். கோபத்தைப் பற்றி அவர் கேட்பது, அது யார்மீது, எதற்காக, எப்போது, எவ்வளவு நேரம், எந்த முறையில் வருகிறது என்பவை. கோபப்பட வேண்டிய இடத்தில் கோபப்படாதவரை அவர் சாந்தசீலர் என்று மெச்சுவதில்லை. தனக்கும் தன்னைச் சேர்ந்தவர்களுக்கும் நேரும் அவமதிப்பைச் சகித்துக்கொண்டிருப்பது அடிமைக்குரிய குணம் என்றே நான்காம் நூலில் எழுதுகிறார். ஆகவே, கடுங்கோபமே நடுநிலையாக அமையும் சந்தர்ப்பமும் உண்டு. அற்ப விஷயத்துக்கு வரும் சிறு எரிச்சல்கூட மிகையாகிவிடுவதும் உண்டு. தீய உணர்ச்சிகளை அடியோடு களைய நினைத்த ஸ்தோயிக்கர்கள் என்ற பழங்கிரேக்கத் தத்துவப் பள்ளியினரோடு அவரைச் சேர்த்துப் பேசுவோர் கவனிக்கத் தவறுவது இதைத்தான்.

கொலை, திருட்டு, பிறன்மனை நயத்தல் ஆகியவற்றுக்கு நடுநிலை தேடுவதும் வீண்வேலை. சரியான நேரத்தில், சரியான ஆளோடு செய்தால் முறைகேடும் நியாயமாகுமோ என்ற கேள்விக்கே அவர் இடம் தருவதில்லை.

இரு எல்லைகளும் நடுவிலிருந்து சம தூரத்தில் இருப்பதாகவும் நினைக்க வேண்டாம்: வீரத்துக்கு அசட்டுத் துணிச்சல் கிட்டத்து உறவு, கோழைத்தனமோ தூரத்துப் பகை. நம் இயல்பு சாயும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக, கோணிய மரத்தை நிமிர்த்துபவர்களைப் போல, நம்மை நாமே இழுத்துக்கொள்ள வேண்டும் என்று அவர் சொல்வதும் இதனால்தான்.

குறை, நடு, மிகை என்று மூன்று கட்டம் போட்ட அட்டவணைக்குள் எல்லாப் பண்பையும் அடைக்க முயல்வோர் கடைசியில் நீதியில் வந்து முட்டிக்கொள்கிறார்கள். நீதியும் ஒருவகை நடுநிலைதான், ஆனால் மற்றவற்றைப் போன்றதல்ல என்று சொல்லி, அதற்கெனவே ஐந்தாம் நூல் முழுவதையும் அவர் ஒதுக்கியிருக்கிறார்.