ஐப்பசியில் நெல்லைக் காயப்போடும் முன்

குறுவை அறுப்பு முடிவதும் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதும் எங்கள் திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரே சமயத்தில்தான் வரும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால்தான் நிம்மதி. அதனால் களத்தில் நெல்லைப் பரப்பலாமா வேண்டாமா என்று தினமும் காலையில் முடிவு செய்தாக வேண்டும். அதற்கு என் அப்பாயி, அதாவது அப்பாவின் அம்மா, பார்த்த வரிசையில்தான் நானும் பார்க்கிறேன்.

ராத்திரியே ஈசானி மூலையை, அதாவது வடகிழக்கைப் பார்த்துவிடுங்கள். அங்கே மின்னல் விடாமல் வெட்டினால் மறுநாள் மூட்டையைப் பிரிக்க வேண்டாம். நிலா கோட்டை கட்டியிருந்தால், 'அகல் வட்டம் பகல் மழை' என்பார் அப்பாயி. உயரத்து மெல்லிய மேகத்தின் பனித்துகளில் நிலவொளி வளைந்து வருகிற வட்டம் அது. பின்னாலேயே மழை மேகம் வரலாம், வராமலும் போகலாம். வட்டத்தை மட்டும் நம்பி நான் வேலையை நிறுத்துவதில்லை.

காலையில் களத்து நடுவில் நின்று ஒரு பிடி பதரைத் தூவுங்கள். மேற்கே பறந்தால் கொண்டல் காற்று. கடல் ஈரத்தைக் கொண்டுவருகிறது, அன்று பரப்பாதீர்கள். கிழக்கே பறந்தால் நெல் நன்றாகக் காயும், ஆனால் மதியத்துக்கு மேல் வானத்தில் ஒரு கண் இருக்கட்டும்.

அப்புறம் எறும்பு. சுவரோரம் குனிந்து பாருங்கள். குருணை அரிசி போல வெள்ளையாக எதையோ கவ்விக்கொண்டு சாரை சாரையாக மேலே ஏறும். முட்டை என்கிறோம், பெரும்பாலும் அவை கூட்டுப்புழுக்கள். ஒரு வருஷம் இதைப் பார்த்தும், வானம் வெளுத்திருக்கிறதே என்று பரப்பிவிட்டேன். மூன்று மணிக்கெல்லாம் கொட்டியது. ரெண்டு நாள் கழித்துப் படுதாவைத் தூக்கி நெல்லுக்குள் கைவிட்டால் சுடுகிறது. விரலிடுக்கில் வெள்ளை வெள்ளையாக முளை. ஆறு மூட்டை போச்சு. அன்றிலிருந்து எறும்பு ஏறினால் நெல்லைத் தொடமாட்டேன்.

தட்டான் தாழப் பறந்தாலும் கவனம்தான். ஈசல் பெரும்பாலும் மண் நனைந்த பிறகே கிளம்புவதால், முதல் மழைக்கு அதை நம்ப முடியாது.

புயலுக்கு மட்டும் இந்தக் குறிகள் போதவே போதாது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா கரையேறியதைப் பார்த்த நாங்கள், வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் என்று வானிலை மையம் சொன்னதுமே நெல்லை உள்ளே எடுத்துவிடுகிறோம்.

எல்லாம் சரியாக இருந்து பரப்பினாலும், அரை மணியில் குவிக்க முடிகிற அளவுக்கு மட்டும் பரப்புங்கள். குவியல் களத்து மேட்டில் இருக்கட்டும். படுதாவையும் கயிற்றையும் பக்கத்திலேயே வையுங்கள், வீட்டுக்குள் வைக்காதீர்கள்.