கடல் சாமந்தியும் இறாலும் ஒரே தொட்டியில்: சேர்த்து வளர்க்கும் முறை

உப்புநீர்த் தொட்டியில் கடல் சாமந்தியோடு (பூப்போல் விரிந்து, கொட்டும் நீட்சிகளால் இரை பிடிக்கும் கடல் உயிரி) இறாலையும் வளர்க்க விரும்புகிறவர்களுக்கு முதலில் எழும் ஐயம், சாமந்தி இறாலைக் கொட்டித் தின்றுவிடாதா என்பதே. அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. ஆனால் இந்தக் கூட்டு பல வீடுகளில் கெடுவது அதற்கு நேர்மாறான காரணத்தால்தான்: சாமந்தியின் வாய்க்குள் போய்க்கொண்டிருக்கும் உணவை இறால் தோண்டி எடுத்துத் தின்கிறது, சாமந்தி வாரக்கணக்கில் அரைப்பட்டினி கிடந்து சுருங்குகிறது, உரியவரோ விளக்கையும் நீரையும் சந்தேகித்துக்கொண்டிருக்கிறார். ஆகவே எந்த இறாலை எந்தச் சாமந்தியோடு சேர்ப்பது, யாருக்கு முதலில் உணவிடுவது என்ற இரண்டையும் சரியாக முடிவு செய்துவிட்டால் மற்றவை பெரும்பாலும் வழக்கமான தொட்டிப் பராமரிப்பே.

கடையில் கிடைக்கும் இறால்களை இந்த நோக்கத்துக்காக இரண்டு வகையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு வகை, இயற்கையிலேயே சாமந்தியின் உணர்நீட்சிகளுக்கிடையில் குடியிருப்பவை. வாலை மேலே தூக்கி ஆட்டிக்கொண்டே இருக்கும், ஒன்றரை சென்டிமீட்டர் அளவேயான செக்ஸி இறால் (தோர் அம்போயினென்சிஸ்) இவற்றுள் வளர்ப்பதற்கு எளியது. மூன்று முதல் ஐந்து வரை சேர்ந்தாற்போல் விட்டால் ஒளிந்துகொள்ளாமல் வெளியே நடமாடும். கண்ணாடிபோன்ற உடலில் வெண்திட்டுகள் கொண்ட மயில்வால் இறால் (ஆன்சிலோகாரிஸ் பிரெவிகார்பாலிஸ்) அதைவிடப் பெரியது. நம் மன்னார் வளைகுடாவிலும் கம்பளச் சாமந்திகளின்மேல் வாழ்வது. கரீபியக் கடலின் பெடர்சன் இறாலும் இவ்வகையே. அது பார்த்தலோமியா என்னும் சுருள்நீட்சிச் சாமந்தியை விரும்பும்.

இரண்டாம் வகை, சாமந்தியோடு எந்த உறவும் இல்லாமல் தொட்டி முழுதும் திரிபவை. சிவந்த முதுகில் வெண்கோடு ஓடும் கிளீனர் இறால் அழகானது, மீன்களின் உடலில் உள்ள ஒட்டுண்ணிகளைக் கொத்தி எடுப்பது. ஆனால் உணவுத் திருட்டில் அதற்கு இணை இல்லை. பெப்பர்மின்ட் இறாலை அய்ப்டேசியா என்னும் களைச் சாமந்தியை ஒழிப்பதற்காகவே வாங்குகிறார்கள். ஒரு சாமந்தியைத் தின்பதற்கென வாங்கிய இறாலிடம் நாம் விலை கொடுத்து வாங்கிய சிறு சாமந்தியை மட்டும் விட்டுவைக்கும்படி எதிர்பார்ப்பது சரியாகாது. பெப்பர்மின்ட் என்ற பெயரிலேயே சில கடைகளில் விற்கப்படும் ஒட்டக இறாலோ பவளப் பாலிப்புகளையும் சாமந்திகளையும் கொறிக்கக்கூடியது; உடலில் வெள்ளைக் கோடுகளும் புள்ளிகளும், கூனிய முதுகும் இருந்தால் வாங்காமல் திரும்புவது நல்லது. சிவப்பு வெள்ளைப் பட்டையும் நீண்ட கொடுக்கும் உடைய பாக்ஸர் இறால் சாமந்திக்குப் பெரிய தொல்லை தராது, ஆனால் சிறிய இறால்களைக் கொன்றுவிடும்.

சாமந்தியைப் பொறுத்தவரை, முதன்முறை வளர்ப்பவர்களுக்குக் குமிழ்முனைச் சாமந்தியையோ ராக் ஃபிளவர் சாமந்தியையோதான் பரிந்துரைப்பேன். முன்னது தொட்டியிலேயே இரண்டாகப் பிரிந்து பெருகுவதால், கடலிலிருந்து எடுத்ததை வாங்காமல் மற்றொரு வளர்ப்பாளரிடம் பிரிந்த கன்றைப் பெற்றுக்கொள்ளலாம். அது முப்பது சென்டிமீட்டர் வரை விரியக்கூடும் என்பதால் 120 லிட்டருக்குக் குறைந்த தொட்டி போதாது. பின்னது சிறியது, இடம்விட்டு அதிகம் நகராதது, வலுவாகக் கொட்டாதது. செக்ஸி இறாலுக்கு மிகவும் ஏற்றது. பெரிய கம்பளச் சாமந்தி தூங்கும் மீனையே பிடித்து விழுங்கக்கூடியது, ஆகவே அனுபவம் வரும்வரை அதைத் தள்ளிவைக்கலாம். வாங்கும்போது வாய் இறுக மூடியிருக்கிறதா, அடிப்பாதம் கிழியாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தூய வெள்ளையாக மின்னுவது அழகல்ல. உள்ளே வாழும் நுண்பாசியை இழந்து வெளுத்துப்போனதன் அடையாளம். கண்ணைப் பறிக்கும் எலுமிச்சை மஞ்சளாக இருந்தால் சாயம் ஏற்றியதாக இருக்கக்கூடும். மன்னார் வளைகுடா 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அங்கிருந்து நாமே எடுத்து வரலாம் என்ற எண்ணம் வேண்டாம்.

தொட்டி குறைந்தது ஆறு மாதமாவது ஓடியிருக்க வேண்டும். உப்புச் செறிவு 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு), அதாவது ஒப்படர்த்தி 1.025 முதல் 1.026 வரை, வெப்பநிலை 25 முதல் 27 டிகிரி செல்சியஸ், பிஹெச் 8.1 முதல் 8.4, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியம், நைட்ரேட் 10 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் 10 பங்கு). சென்னை போன்ற ஊர்களில் கோடை மாதங்களில் தொட்டி நீர் எளிதில் முப்பது டிகிரியைத் தாண்டிவிடும். மேலே மின்விசிறி வைத்து நீரை ஆவியாக்கிக் குளிர்விக்கும் முறை கடலோரப் புழுக்கத்தில் முழுப் பலன் தராது, தவிரவும் நீர் ஆவியாக ஆவியாக உப்புச் செறிவு ஏறும். குறைந்த நீரை உப்பில்லாத ஆர்.ஓ. நீரால் நாள்தோறும் ஈடுகட்ட வேண்டும். நீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவியை வாங்க வசதி இல்லாதவர்கள் சாமந்தியை வாங்குவதைத் தள்ளிப்போடுவதே முறை என்பது என் கருத்து.

முதலில் சாமந்தியை மட்டும் விட்டு, அது தனக்குப் பிடித்த பாறை இடுக்கைத் தேடிப் பாதத்தை ஊன்றி, சில வாரம் நகராமல் இருந்த பிறகே இறாலைக் கொண்டுவர வேண்டும். அலையும் நாட்களில் சாமந்தி, நீரோட்டம் உண்டாக்கும் பம்பான பவர்ஹெட்டின் உறிஞ்சு வாயில் சிக்கி அரைபட்டுப் போகும் விபத்து மிகச் சாதாரணமானது. ஆகவே எல்லா உறிஞ்சு வாய்களுக்கும் ஸ்பாஞ்ச் உறை மாட்டிவிட வேண்டும். இறால் உப்புச் செறிவின் திடீர் மாற்றத்தைத் தாங்காது என்பதால், மெல்லிய குழாய் வழியே தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாக அதன் பாத்திரத்தில் விட்டு, ஒன்று முதல் இரண்டு மணி நேரம் பழக்கிய பின், விளக்கை அணைத்துவிட்டுச் சாமந்தியின் அருகில் விடலாம். அதன்மேலேயே போடக் கூடாது. சாமந்தி வாழ் இறால்களும் பிறவியிலேயே முழுக் காப்போடு வருவதில்லை. நீட்சியைக் காலால் தொட்டு, பின்வாங்கி, மறுபடி தொட்டு, சிறிது சிறிதாகவே அவை உள்ளே போகின்றன. சில நாள் பிரிந்திருந்த இறால் பழைய சாமந்தியிடம் திரும்பும்போதும் இதே சடங்கைத் தொடக்கத்திலிருந்து செய்வதுண்டு. அவசரப்பட்டுக் கையால் தள்ளிவிட வேண்டாம்.

உணவூட்டும்போது எப்போதும் இறாலுக்கே முதல் பந்தி. மைசிஸ், ஆர்ட்டீமியா என்னும் இறால்போன்ற சிற்றுயிர்களில் ஒன்றின் உறைந்த தீவனத்தைக் கரைத்துச் சிறிதளவு பிப்பெட்டால் விட்டு, இறால்கள் கால்களால் பற்றிக்கொண்ட பிறகு, சாமந்திக்கு அதன் வாயளவைத் தாண்டாத ஒரு துண்டு பச்சை இறாலையோ மீனையோ நீண்ட இடுக்கியால் நீட்சிகளின்மேல் வைக்க வேண்டும். வாரம் ஒன்று அல்லது இரண்டு முறை போதும். மீதித் தேவையை ஒளியும் நுண்பாசியும் பார்த்துக்கொள்ளும். கிளீனர் இறால் ஏற்கனவே தொட்டியில் இருக்கிறது, அகற்ற மனமில்லை என்றால், ஒரு பிளாஸ்டிக் பாட்டிலைப் பாதியாக வெட்டி, நீரோட்டத்துக்காகச் சில துளைகள் இட்டு, உணவு முழுதும் உள்ளே போகும்வரை சாமந்தியின்மேல் கூடைபோல் கவிழ்த்து வையுங்கள். செக்ஸி இறாலையும் பட்டினி போடக் கூடாது. உணவு போதாவிட்டால் தான் குடியிருக்கும் சாமந்தியையே அது கொறிக்கும். மாறாக, நன்றாக உண்ணும் இறாலின் கழிவிலுள்ள அம்மோனியா, சாமந்திக்குள் வாழும் நுண்பாசிக்கு உரமாகிறது.

சில வாரங்களுக்கு ஒருமுறை இறால் தோலுரிக்கும். பாறைமேல் கிடக்கும் வெற்றுத் தோலைப் பார்த்து இறால் இறந்துவிட்டதாக நினைத்து அகற்றுபவர்கள் உண்டு. அதை ஓரிரு நாள் அங்கேயே விட்டுவைக்கலாம், இறாலே அதைத் தின்பதும் உண்டு. புதுத்தோல் இறுகும்வரை அது ஒளிந்துகொள்ள இடுக்குகள் இருக்க வேண்டும். தோலுரித்தலுக்கு உதவும் என்று விற்கப்படும் அயோடின் சொட்டுகளை அளந்து பார்க்காமல் ஊற்றுவதைவிட, மாதம் இருமுறை பத்து விழுக்காடு நீரை மாற்றுவதே பாதுகாப்பானது.

மீன்களுக்கு வெண்புள்ளி நோய் வந்தால் தாமிரம் கலந்த மருந்தை இந்தத் தொட்டியில் ஒருபோதும் ஊற்றாதீர்கள். இறாலும் சாமந்தியும் அதைத் தாங்கா. மீனைத் தனித்தொட்டிக்கு மாற்றியே மருத்துவம் செய்ய வேண்டும். சாமந்தி அவ்வப்போது சுருங்கிப் பழுப்பு நிறக் கழிவை உமிழ்வது இயல்பு, அதற்குப் பதற வேண்டியதில்லை. ஆனால் வாய் பிளந்தபடி, நூல்நூலாகப் பிரிந்து, கெட்ட வாடை வீசினால் அது இறந்துவிட்டது. கையுறை அணிந்து உடனே வெளியே எடுத்து, அன்றே கால் பங்கு நீரை மாற்றி, கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மரின் கோப்பையைக் கழுவி, நீரை வடிகட்டும் கார்பன் பையை மாற்ற வேண்டும். தாமதித்தால் அழுகும் சாமந்தியிலிருந்து எழும் அம்மோனியாவுக்கு முதலில் பலியாவது இறால்களாகவே இருக்கக்கூடும்.