கிரீக் ரெஸ்டாரன்ட்ல என்ன ஆர்டர் பண்ணலாம்?

நுங்கம்பாக்கமோ பெசன்ட் நகரோ, பக்கத்துல இருக்கிற கிரீக் ரெஸ்டாரன்ட் போனா எடுத்ததுமே ஆளுக்கொரு மெயின் டிஷ் சொல்லிடாதீங்க, மெஸேன்னு சொல்ற சின்னச் சின்ன தட்டு ஐட்டம் நாலஞ்சு வாங்கி நடுவுல வச்சு எல்லாரும் எடுத்து சாப்பிடுறதுதான் கிரீஸ் பழக்கம். ட்ஸாட்ஸிகி கண்டிப்பா வேணும், கெட்டித் தயிர்ல வெள்ளரிக்காய துருவிப் போட்டு பூண்டு, ஆலிவ் ஆயில் சேர்த்தது, சூடான பீட்டா ரொட்டிய பிச்சு தொட்டுக்கணும், தண்ணியா ஓடுச்சுன்னா வெள்ளரிய சரியா பிழியலன்னு அர்த்தம். சாலட்ல வர்ற ஃபெட்டா உப்புத் தண்ணில ஊறுன சீஸ், அதனால தனியா உப்பு போட்டுக்காதீங்க. அடுக்கடுக்கா வச்சு சுடுற மூசாக்கால கத்திரிக்காய் தெரியுதேன்னு சைவக்காரங்க ஏமாந்துடாதீங்க, உள்ள பெரும்பாலும் கொத்துக்கறிதான். மெல்லிசு மாவு அடுக்குக்குள்ள கீரை வச்ச ஸ்பானகோபிட்டா அருமையா இருக்கும், முட்டை சேர்க்கிறாங்களான்னு மட்டும் கேட்டுக்கோங்க. பக்லாவாங்கிற ஸ்வீட் ரெண்டு பேருக்கு ஒண்ணு போதும், பாகு செம இனிப்பு.